கூலாயில் பானைத் தண்ணீர் ஏன் குளிர்வதில்லை

எங்கள் பாட்டி மதுரைப் பக்கத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக் கூலாயில், ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒரு மண்பானையை வைத்துக்கொண்டு, "ஊரில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், இங்கே குளிரவே மாட்டேன் என்கிறது" என்று கடைசிவரை குறைபட்டுக்கொண்டிருந்தார். பானை நல்ல பானைதான். ஜோகூர்க் காற்று அதைக் குளிரவிடவில்லை.

பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால் நன்றாக ஆவியாகும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் ஆவிக்கு இடமில்லை. 38 டிகிரி வெயிலும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மதுரைப் பகலில் பானைத் தண்ணீர் ஏறக்குறைய 24 டிகிரி வரை இறங்க முடியும். 32 டிகிரியும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கூலாய்ப் பகலில் 26 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். வெளிக்காற்றைவிட அங்கே 14 டிகிரி குளிர்ச்சி, இங்கே வெறும் 6. இறங்கக்கூடிய இந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர்.

பாட்டியின் குறையை இப்போது பொறியாளர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூலாய் யங் தோட்டம் என்ற செம்பனைத் தோட்டம் இருந்த நிலத்தில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா, அதாவது இணையத்துக்கு வேலை செய்யும் கணினிகளை அடுக்கிவைக்கும் கட்டடங்களின் தொகுதி, எழுந்திருக்கிறது. அதற்கு முதலில் திட்டமிட்ட அளவு 500 மெகாவாட். செடெனாக் பக்கம் இன்னும் பல மையங்கள். உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் 415 பில்லியன் யூனிட் மின்சாரம் செலவழித்தன என்பது அனைத்துலக எரிசக்தி முகமையின் மதிப்பீடு. உலக மின்பயன்பாட்டில் இது ஏறக்குறைய 1.5 விழுக்காடு.

கணினிக்குள் போகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் சூடாகவே வெளியே வருகிறது. கணக்குப் போடுவதும், படத்தைத் தேடுவதும், கேள்விக்குப் பதில் எழுதுவதும் கடைசியில் வெப்பம்தான். 100 மெகாவாட் மையம் என்பது 2 கிலோவாட் கெட்டில்கள் 50,000 இரவும் பகலும் கொதிப்பதற்குச் சமம். அத்தனை சூட்டையும் கட்டடத்தைவிட்டு வெளியேற்ற வேண்டும்.

வழக்கமான முறை இது. அறைக்குள் 20 டிகிரிக்குச் சற்றுமேல் குளிர்காற்றை ஊதுகிறார்கள். கணினிகளின் சூட்டை அந்தக் காற்று குளிர்நீருக்குக் கொடுக்கிறது. குளிர்நீரிடமிருந்து அதை, குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதுபோன்ற அமுக்கி இயந்திரம் பிடுங்கி இன்னொரு நீர்ச்சுற்றுக்குத் தள்ளுகிறது. அந்த நீர் கூரையிலுள்ள குளிர்விப்புக் கோபுரத்தில் சிதறி ஆவியாகிறது; அதாவது ஒரு ராட்சத மண்பானை. இத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். மையம் வாங்கும் மொத்த மின்சாரத்தைக் கணினிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பி.யு.இ. என்ற எண். உலகச் சராசரி 1.5ஐ ஒட்டி இருக்கிறது: கணினிக்கு ஒரு யூனிட் என்றால் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளுக்கு இன்னும் அரை யூனிட்.

இங்கேதான் நான் நின்று யோசித்த இடம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல, சூட்டிலிருந்து குளிருக்கு வெப்பம் தானாகவே ஓடும். கணினிச் சில்லு 80 டிகிரி வரை தாங்கும். வெளியே காற்று 32 டிகிரி. சரிவு ஏற்கெனவே நமக்குச் சாதகமாக இருக்கிறது! இடையில் 20 டிகிரிக் காற்று என்று ஒரு கிணற்றை நாமே வெட்டி, வெப்பத்தை அதற்குள் இறக்கி, பிறகு அமுக்கியால் மேலே இறைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிணற்றை வெட்டியதற்குக் காரணம் காற்று. அது வெப்பத்தைச் சுமப்பதில் மிக மோசமானது. ஒரே கன அளவில் நீர் அதைவிட 3,500 மடங்கு சுமக்கும். எனவே நீரைச் சில்லின் முதுகுவரை கொண்டுபோனால் போதும். சில்லின்மேல் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள உலோகத் தகடு, அதற்குள் 45 டிகிரி நீர். 55 டிகிரியாக வெளியேறும் அந்த நீரை லாரி ரேடியேட்டர் போன்ற அமைப்பில் ஓடவிட்டு, கூலாயின் வெளிக்காற்றை விசிறியால் ஊதினாலே மறுபடி 45 ஆகிவிடும். அமுக்கி வேண்டாம், ஆவியாதலும் வேண்டாம். கேட்க விந்தையாக இருக்கலாம். சூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் 2010இல் நிறுவிய அக்வாசார் கணினி 60 டிகிரி நீரில் குளிர்ந்தது.

எல்லாப் பாகங்களுக்கும் இன்னும் தகடு வரவில்லை. சேமிப்புக் கருவிகளும் வலையமைப்புக் கருவிகளும் பெரும்பாலும் காற்றையே நம்பியிருக்கின்றன. அந்த அறைகளிலும் சூட்டைக் கொஞ்சம் ஏற்றலாம். வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென்று சிங்கப்பூர் 2023இல் வெளியிட்ட தரநிலை 26 டிகிரிக்கும் மேலே போகச் சொல்கிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிர்விப்பு மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம்.

தண்ணீர்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 100 மெகாவாட்டையும் ஆவியாகவே வெளியேற்றினால் நாளொன்றுக்கு 36 லட்சம் லிட்டர். வீட்டில் ஒருவர் நாளுக்கு 200 லிட்டருக்குமேல் பயன்படுத்தும் நாட்டில், இது 15,000 பேருக்கு மேற்பட்ட ஒரு சிற்றூரின் தண்ணீர். கெட்டிலில் படிவதுபோல உப்புப் படியாமலிருக்க அவ்வப்போது வெளியே விடும் நீர் தனி. ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை எடுக்கும் உரிமை, 1962 ஒப்பந்தப்படி 2061 வரை சிங்கப்பூருக்கு இருக்கிறது. மீதியை நம்பித்தான் நம் குழாய்கள். கோபுரம் கட்டியே தீரவேண்டும் என்றால் சுத்திகரித்த கழிவுநீரை அதற்குக் கொடுக்கட்டும். குடிநீரைக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதில்லை.

பி.யு.இ. மறைக்கும் ஒன்றும் உண்டு. வேலையில்லாமல் விழித்திருக்கும் கணினியின் மின்சாரத்தையும் அது பயனுள்ள கணக்கிலேயே சேர்க்கிறது. கூகுளின் பரோசோ, ஹோல்ஸ்லே இருவரும் 2007இல் எழுதிய ஆய்வின்படி, அன்றைய கணினிகள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 விழுக்காடு திறனில்தான் வேலை செய்தன. சும்மா இருக்கும்போதும் உச்ச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை விழுங்கின. அதன்பிறகு கணினிகள் நிறைய மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் பத்துக் கணினிகளில் சிதறிய வேலையை மூன்றில் அடுக்கி, மீதியை அணைப்பதற்கு நிகரான சேமிப்பு வேறெந்தக் குளிர்விப்பு நுட்பத்திலும் எனக்குத் தெரியவில்லை.

நேரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். காத்திருக்கக்கூடிய வேலைகளைத் தூய மின்சாரம் கிடைக்கும் பொழுதுக்குத் தள்ளும் முறையை கூகுள் 2020இல் அறிவித்தது. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரிக்கும் நம் நாட்டில் நண்பகல் சூரிய ஒளிக்கு அந்த மதிப்பு உண்டு.

வெளியேறும் சூட்டை டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் வீடுகளைக் கதகதப்பாக்கப் பயன்படுத்துகிறார்கள். கூலாயில் அதை யார் கேட்பார்கள்? பழைய தோட்டங்களில் ரப்பர்த் தகடு உலர்த்திய புகைக்கூடத்துக்கு 50, 60 டிகிரி போதுமானதாக இருந்தது. நீரால் குளிரும் சில்லுகளின் சூடும் அதை ஒட்டியதுதான். மரங்கள் போய்விட்ட ஊரில் உலர்த்த வேறென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தமுறை அதிகாலையில் பஸ்ஸில் போகும்போது அந்தக் கூரைகளைக் கவனியுங்கள். வெண்ணிற ஆவி எழுந்தால் அங்கே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. ஆவியில்லாமல் வரிசையாகப் படுத்த விசிறிகள் மட்டும் தெரிந்தால் இரண்டில் ஒன்று: தண்ணீரை மிச்சம் பிடித்து மின்சாரத்தைக் கூடுதலாக எரிக்கும் அமுக்கிகள் அங்கே இருக்கலாம், அல்லது வெந்நீரிலேயே குளிரும் கணினிகள் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஊர்க் கூட்டத்தில் நிறுவனத்தார் வந்து பேசும்போது, சில்லுக்குப் போகும் நீர் எத்தனை டிகிரி என்று எழுந்து கேட்கத்தான் வேண்டும்.