85-க்கும் 100-க்கும் நடுவில் இருப்பது 15 அல்ல

கேட்புப் பரிசோதனைக்கு என்னிடம் வந்தவன் இன்னொரு பத்தாம் வகுப்புப் பையன். "கேட்குது சார், ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறான். ராத்திரியில் காதுக்குள் 'ஙொய்' என்ற இரைச்சல் வேறு. ஆடியோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தால் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம், அதாவது அங்கே கேட்கும் திறன் குறைவு. வருடக்கணக்கில் இயந்திரச் சத்தத்தில் நின்றவர்களிடம் பார்த்துப் பழகிய பள்ளம் அது. இயர்போனில் எவ்வளவு சத்தம் வைப்பாய் என்று கேட்டேன். "85 டெசிபல் வரைக்கும் பரவாயில்லைன்னு படிச்சேன். நான் 100-ல கேட்பேன். 15 தானே சார் கூட?"

ஒலியியல் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவனாம்! இந்த "15 தானே"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. 10 டெசிபல் ஏறினால் ஒலிச்செறிவு (ஒலி சுமந்து வரும் ஆற்றலின் அளவு) 10 மடங்கு. 20 ஏறினால் 100 மடங்கு. 30 ஏறினால் 1000. வெறும் 3 டெசிபல் ஏறினாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். அப்படியானால் 85-லிருந்து 100-க்குப் போக ஐந்து முறை இரட்டிக்க வேண்டும்: 2, 4, 8, 16, 32. தம்பி சொன்ன அந்த 15, முப்பத்திரண்டு மடங்கு.

நேரமும் இதே கணக்கில்தான் சுருங்குகிறது. வேலையிடங்களுக்கென்று பரவலாகச் சொல்லப்படும் வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். 88 என்றால் 4 மணி. 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி. 100-க்கு 15 நிமிடம். மூன்று நான்கு பாட்டிலேயே அன்றைய பங்கு தீர்ந்தது. அதுவும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம்.

இது ஏன் உறைப்பதில்லை என்றால், செறிவு 10 மடங்கானாலும் காதுக்கு ஏதோ இரண்டு மடங்கு உரப்பாகத்தான் தோன்றும். வலியும் காப்பாற்றாது, 120 டெசிபல் பக்கம் போனால்தான் வலிக்கவே தொடங்கும். "பழகிடுச்சு" என்பவர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. பழகவில்லை, கேட்கும் திறன் இறங்கியிருக்கிறது.

சரி, ஏன் குறிப்பாக 4000? காதுக் குழாய் சுமார் இரண்டரை செ.மீ. நீளம், ஒரு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. பள்ளி இயற்பியலில் படிக்கும் ஒரு முனை மூடிய குழாயேதான். அதில் ஒத்ததிரும் ஒலியின் அலைநீளம் குழாயைப்போல் நான்கு மடங்கு, 10 செ.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்தால் 3400 ஹெர்ட்ஸ் சொச்சம். அந்தப் பகுதி ஒலியைக் குழாயே ஒத்ததிர்வால் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அடி அதற்குச் சற்று மேலே, 4000 பக்கம் விழுகிறது. ச, ஸ, ஷ போன்ற மெய்யொலிகளின் கூர்மை உயர் அதிர்வெண்களில் இருக்கிறது, உயிரொலிகளின் பலம் கீழே. அதனால்தான் குரல் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. ஒலியை உணரும் உட்செவி மயிர்செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. மாத்திரை இருக்கிறதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

சத்தமான இடத்தில் வால்யூமை ஏற்றாதீர்கள். வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்போன் போட்டால் ஏற்றவே தேவையிருக்காது. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பது வீரம் இல்லை; திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் செறிவு கால் பங்காகும், ஆகவே நகர்ந்து நில்லுங்கள். பஞ்சு பெரிதாகத் தடுக்காது, நுரை அடைப்பான் வாங்குங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், சளி என்று நினைத்து ஒரு வாரம் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், கேட்புப் பரிசோதனைக்கு வருபவர்கள் முந்தைய இரவு இயர்போனைத் தொட வேண்டாம், ப்ளீஸ். தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டால், எது நிரந்தரம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்களை மறுபடியும் வரச் சொல்ல வேண்டியிருக்கும்.