இ350 என்று மட்டும் எழுதினால் போதாது

திருச்சிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. லடாக்கில் நிறுத்தவேண்டிய ஷெட் ஒன்றுக்குப் பிளேட்டுகள் வந்து இறங்கியிருந்தன. இன்ஸ்பெக்ஷனுக்குப் போன நான் மில் சர்டிஃபிகேட்டை, அதாவது இரும்பாலை தரும் சோதனைச் சான்றை, வாங்கிப் பார்த்தேன். ஈல்டு, டென்சைல், எலாங்கேஷன் எல்லாம் கச்சிதம். இம்பாக்ட், அதாவது திடீர் அடியைத் தாங்கும் சோதனை, அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு.

"டிராயிங்ல இ350-ன்னுதானே சார் இருக்கு? அதைத்தான் வாங்கியிருக்கோம்" என்றார் பர்ச்சேஸ்காரர். அவர்மேல் தப்பில்லை. இ350 என்பது இரும்பின் கிரேடு. டிராயிங் போட்டவர் அதற்குப் பின்னால் வரவேண்டிய வால் எழுத்தை விட்டுவிட்டார்.

350 என்பது ஈல்டு வலிமை, அதாவது இரும்பு திரும்ப நிமிராதபடி நெளியத் தொடங்கும் அழுத்தம். குளிரில் அந்த இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த எண் சொல்லாது. கட்டுமான இரும்புக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2062-இல் அதைச் சொல்வது வால்தான். 'ஏ' என்றால் இம்பாக்ட் சோதனையே கிடையாது. 'பிஆர்' என்றால், நாம் கேட்டால் மட்டும் அறை வெப்பத்தில் செய்வார்கள். 'பி0' பூஜ்ஜியம் டிகிரியில், 'சி' மைனஸ் 20-இல். எங்களுக்கு வந்திருந்தது பிஆர்.

சோதனை எளிது. 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம் உள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வெட்டுப் போட்டு, குளிர வைத்து, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. முறிவதற்குள் அது எத்தனை ஜூல் வாங்கிக்கொண்டது என்பதுதான் கணக்கு. இ350-க்கு 27 தேவை. நம் ஊர் வெயிலில் நெளிந்து, வளைந்து, முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் இரும்பு, குளிரில் ஒரு சின்ன விரிசல் கிடைத்தால் கண்ணாடிபோலப் பிளந்துவிடும்.

குளிர் என்றதும் பனிப்பாலைவனத்தை நினைக்க வேண்டாம். மெல்போர்ன் கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961-இல் திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10 காலை, சுமார் 2 டிகிரி. ஏறக்குறைய 45 டன் வண்டி ஒன்று ஏறியதும் கர்டர்கள் (பாலத்தைத் தாங்கும் உத்தரங்கள்) பிளந்து ஒரு ஸ்பான் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) இறங்கிவிட்டது. கீழே இருந்த சுவர்கள் தாங்கியதால் முழுதாக விழவில்லை. கர்டரின் கீழ்ப் பட்டையான ஃப்ளேஞ்சில், வலுவுக்காக ஒட்டிய கவர் பிளேட் முடியும் இடத்துக் குறுக்கு வெல்டிங்கில் விரிசல்கள். அவற்றில் சில பட்டறையிலேயே விழுந்தவை. கார்பனும் மாங்கனீசும் கூடுதலான இரும்பு, வெல்டிங்குக்கு முரண்டு பிடித்தது. கிரேடு மட்டும் பாலத்தைச் சாய்க்கவில்லை, ஆனால் விரிசலை நிறுத்தும் குணம் அந்த இரும்பில் இல்லை.

அப்புறம், தடிமன். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பிளேட் தடிக்கத் தடிக்க ஆபத்து கூடும். ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோடு அட்டவணையில், அழுத்தம் ஈல்டின் முக்கால் பங்கு, தளத்தில் மைனஸ் 20 டிகிரி என்று வைத்தால், எஸ்355ஜேஆர் (இ350 போன்ற இரும்பு, அறை வெப்பத்தில் சோதித்தது) 20 மி.மீ. வரைதான், ஜே2 (மைனஸ் 20-இல் சோதித்தது) என்றால் 50 மி.மீ. வரை போகலாம். அதாவது சோதனை செய்த வெப்பநிலையும் தளத்தின் குளிரும் ஒன்றல்ல. தடிமன், அழுத்தம், வெல்டிங் விவரம் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் 'சி' வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். சென்னைக் கோடவுனுக்கு அது வீண்செலவு.

லடாக் பிளேட்டுகளில் ஒவ்வொரு ஹீட் நம்பருக்கும் (ஒரே உருக்கில் வந்த தொகுதியின் எண்) துண்டு வெட்டி மைனஸ் 20-இல் சோதித்தோம். இரண்டு ஹீட் தேறின. தூணின் அடியில் வரும் 32 மி.மீ. பேஸ் பிளேட்டுக்கு வந்த மூன்றாவது ஹீட் தேறவில்லை. அது உள்ளூர் வேலை ஒன்றுக்குப் போனது. பேஸ் பிளேட்டுக்கு 'சி' வர ஏழு வாரம் ஆயிற்று.