ஓக் பெஞ்சு: கருவாலியா, சவுக்கா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் “ஓக் பெஞ்சு வேணும்” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஓக்கே அல்லாத ஒரு மரத்தில் செய்த பெஞ்சுதான். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை இங்கே எல்லோரும் சுருக்கி ஓக் என்கிறோம், அவரும் அப்படியே சொல்கிறார். சிக்கல் அதற்கப்புறம் வருகிறது: வீட்டுக்கு வந்து ஓக் பராமரிப்பு பற்றித் தேடிப் படித்து, ஓக் மழைக்குத் தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பி அந்தப் பெஞ்சைத் திறந்த முற்றத்தில் போட்டுவிட்டால், சில மழைக்காலத்திலேயே கால் உளுத்து ஆட ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், மரம் தானாகப் பிடிபடும்.

பெஞ்சு எளிது. ஆங்கிலச் சொல், அதன் வேர் பழைய ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. அதே வேர் இத்தாலிக்குப் போய் காசு மாற்றுபவர்கள் போட்டு உட்கார்ந்த மேசைக்குப் பெயராகி, அங்கிருந்து நாம் பணம் போடுகிற பேங்க் வந்தது. போர்த்துக்கீசியத்தில் அது பாங்கோ. கடல் வழியாக நம்மிடம் வந்தபோது வாங்கு ஆனது. இலங்கைத் தமிழில் இன்றும் பெஞ்சுக்கு வாங்கு என்றுதான் பெயர்; 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் விசிப்பலகை இருக்கிறது, பேச்சில் விசுப்பலகை. விசித்தல் என்ற பழைய வினைக்கு இறுக்கிக் கட்டுதல் என்று பொருள், ஆகவே பலகைகளை இறுக்கிச் சேர்த்த இருக்கை என்று நான் அதைப் படிக்கிறேன். திண்ணை இதற்கு ஈடாகாது, அது வீட்டோடு கட்டியது, தூக்கிப் போட முடியாது. டீக்கடை பெஞ்சும் வகுப்பில் மாப்பிள்ளை பெஞ்சும் இவ்வளவு ஊறிப்போன பிறகு பெஞ்சு என்ற சொல்லோடு சண்டை போட எனக்கு மனமில்லை. நீதிமன்றத்து பெஞ்சை மட்டும் அமர்வு என்று அழகாக மாற்றிவிட்டோம், அது நிலைத்தும்விட்டது.

ஓக் அப்படி இல்லை, இங்கே சொல்லே ஆளைத் தவறான மரத்திடம் கூட்டிப்போகிறது.

உண்மையான ஓக் என்பது குவெர்கஸ் என்ற பேரினம். ஐரோப்பா, வட அமெரிக்கா, மேற்கு ஆசியா, நம் நாட்டில் இமயமலையும் வடகிழக்கும் அதன் இடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அது இயல்பாக வளர்வதில்லை, சோலைக்காட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நீலகிரியில் இருக்கிற ஒன்றிரண்டும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டவை. ஊட்டியில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்ட ஆரம்பித்த ஸ்டோன் ஹவுஸ், இப்போதைய அரசு கலைக் கல்லூரி வளாகம், அங்கே அவர் நட்டது என்று சொல்லப்படும் ஓக்கைப் பார்த்தால் இலையின் அலை அலையான ஓரமே சொல்லிவிடும், தோட்டத்து மரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று.

மரம் இங்கே இல்லாததால் தமிழுக்கு அதன் பெயர் தேவைப்பட்டதே மொழிபெயர்ப்புக்காகத்தான். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் தாவீது அரசரின் மகன் அப்சலோமின் தலை மாட்டிக்கொள்வது ஒரு பெரிய கர்வாலி மரத்தில். இன்று கருவாலி என்று எழுதுகிறோம். ஓக்குக்கு நேரான தமிழ் இதுதான், துணிந்து பயன்படுத்தலாம். ஆனால் கருவாலி மரத்தில் கிடைக்கிற ஒரு சரக்கு அதற்கு வெகுகாலம் முன்பே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. மாசிக்காய்! குழந்தைக்கு உரை மருந்து உரைக்கும்போது வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு வைத்திருப்பார்களே, நாட்டு மருந்துக் கடை மாசிக்காய், அது காயே கிடையாது. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு கருவாலி வகையில் சின்னக் குளவி ஒன்று முட்டையிட, அதைச் சுற்றி மரம் புடைத்து உருண்டு கெட்டியாவதுதான் மாசிக்காய். நாக்கில் வைத்தால் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பை மறந்துவிடாதீர்கள், பெஞ்சுப் பராமரிப்பில் பாதி அதுதான்.

இப்போது சில்வர் ஓக். கிரெவில்லியா ரொபஸ்டா, கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், ஓக் குடும்பமே இல்லை. இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல் மின்னுவதால் சில்வர், பலகையாக அறுத்தால் ஓக்கில் தெரிவதுபோல் மினுங்கும் ரேகைகள் வருவதால் ஓக். ரொபஸ்டா என்ற சொல்லைத் தோண்டினால் அங்கேயும் ஓக் நிற்கிறது. லத்தீனில் ரோபுர் என்றால் ஓக், உறுதி என்று இரண்டு பொருளும் உண்டு, ரொபஸ்டா அதிலிருந்து வந்தது. கூடலூர், பந்தலூரில் இந்த மர நிழலில் வளரும் ரொபஸ்டா காப்பிக்கும் அதே பெயர்தான். தமிழில் இந்த மரத்துக்குச் சவுக்கு என்றும் மலைச்சவுக்கு என்றும் பெயர் உண்டு. கடற்கரைச் சவுக்கோடு குழப்பமாகுமே என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அந்தக் கடற்கரைச் சவுக்கு இன மரங்களுக்கும் ஷீ-ஓக் என்று ஓக் பெயரையே வைத்தார்கள், காரணமும் இதே ரேகைதான். சொந்த ஊர் மரத்தின் நினைவில் பார்த்ததையெல்லாம் ஓக் ஆக்கிவிட்டார்கள், நாம் அதை அப்படியே வாங்கிக்கொண்டோம். என்னைக் கேட்டால் மலைச்சவுக்கு என்றே எழுதலாம், பில்லிலும் அப்படி எழுதி வாங்கலாம்.

மலைச்சவுக்கு மட்டமான மரம் இல்லை. இழைப்பதற்கு இணங்கிவரும், ரேகை அழகு, விலையும் கட்டுப்படும். வீட்டுக்குள் போட அருமையான பெஞ்சு. ஆனால் கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்காது, அதைக் கூரைக்கு வெளியே விடவே கூடாது. உப்புத்தாள் போடும்போது அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கருவாலியில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். மலைச்சவுக்கில் அந்த வளைய ஒழுங்கு இருக்காது. நிறமும் கருவாலி மஞ்சள் கலந்த பழுப்பு, மலைச்சவுக்கு இளஞ்சிவப்பு ஓடிய பழுப்பு. கையில் தூக்கினால் கருவாலி கனக்கும், காய்ந்த மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ. பக்கவாட்டு ரேகையை மட்டும் நம்பாதீர்கள், அது இரண்டிலும் உண்டு.

இறக்குமதிக் கருவாலியிலும் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு. வெளியே போட வெள்ளைதான் வேண்டும், அதன் துளைகளை மரமே உள்ளுக்குள் அடைத்துக்கொள்கிறது, ஒயின் பீப்பாய் அதில் செய்வது அதனால்தான். ஒரு துண்டின் முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் சிவப்பில் குமிழி வரும். வைரம் பாய்ந்த பகுதியா என்றும் பாருங்கள், வெளிறிய ஓரக்கட்டை எந்த மரமானாலும் முதலில் உளுக்கும். இணைப்பில் ஒரு கட்டையில் துளையடித்து இன்னொன்றின் முனையைச் செதுக்கி இறக்கியிருந்தால் நல்லது. உட்காரும் பலகைகளுக்கு நடுவில் தண்ணீர் வடிய இடைவெளி கட்டாயம்.

சரி, துவர்ப்புக்கு வருவோம். மாசிக்காயில் அந்தத் துவர்ப்பைத் தருவது டானின் என்ற சத்து, அது கருவாலிப் பலகையிலும் இருக்கிறது. ஈரத்தில் இரும்பு பட்டால் இரண்டும் சேர்ந்து நீலம் ஓடிய கருப்பாகிவிடும், பழைய காலத்தில் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே வினையால்தான். அதனால் கருவாலி பெஞ்சுக்குச் சாதாரண இரும்பு ஆணி வேண்டாம், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடச் சொல்லுங்கள். கம்பி நாரால் தேய்க்கவும் கூடாது, உதிர்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளியாகும். கறை வந்துவிட்டால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுக்கும், கையுறை போட்டுத் தடவி நன்றாகக் கழுவிவிட வேண்டும், அது நஞ்சு. புதுப் பெஞ்சிலிருந்து முதல் மழையில் பழுப்புத் தண்ணீர் வடிந்து தரையில் கறை பிடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை, வெள்ளைக் கல் தரையில் மட்டும் போடாதீர்கள்.

வெளியே கிடக்கும் கருவாலி வெயிலிலும் மழையிலும் சாம்பல் வெள்ளியாக மாறும். மேற்பரப்பு மட்டும்தான், உள்ளே மரம் அப்படியே இருக்கும், எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும். நம் மலையில் பெரிய எதிரி ஈரம். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு, நடுவில் மூடுபனி, ஆகவே பாசி பிடித்தே தீரும். மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், வேகமாகப் பீய்ச்சும் மெஷின் மரத்தின் இழையைக் கிளப்பிவிடும். கால்கள் மண்ணில் நிற்காமல் கல்மேல் நிற்கட்டும். வார்னிஷ் வெளியே உரியும், அதைவிட எண்ணெய் நல்லது. வீட்டுக்குள் என்றால் கணப்புக்குப் பக்கத்தில் எந்தப் பெஞ்சையும் போடாதீர்கள், ஒருபக்கம் காய்ந்து வெடிக்கும்.

எண்ணெய் என்றால் பலரும் ஆளி விதை எண்ணெய் வாங்குகிறார்கள். மழைக்கு முன்னால் காய்ந்த நாள் பார்த்து மெல்லியதாகத் தடவி, மிச்சத்தை அன்றே துடைத்துவிடுங்கள், தங்கினால் பூசணம் பிடிக்கும். துடைத்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போடவே போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகி, குவிந்த துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.