இடுப்பில் மறையும் .45: சின்னத் துப்பாக்கி ஏன் இவ்வளவு உதைக்கிறது?

டெக்சாஸில் ஒரு சுடுதளத்தில் போன கோடையில் பார்த்தது இது. நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய .45 பிஸ்டலைக் கொண்டுவந்திருந்தார் (.45 என்பது குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்). விரித்த கைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும், எடை சுமார் 600 கிராம்தான். முதல் தோட்டா போனது, இரண்டாவதும் போனது, மூன்றாவதில் துப்பாக்கி அப்படியே நின்றுவிட்டது. காலியான பித்தளை உறை வெளியே விழாமல் ஸ்லைடின் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) வாயில் சிக்கி, நிமிர்த்திய சுண்டுவிரல் போல நேராக நின்றது. அமெரிக்கர்கள் இதை ஸ்டவ்பைப் என்பார்கள், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அடுப்புப் புகைக்குழாய் போல இருப்பதால். துப்பாக்கியே சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார் நண்பர். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் அதை வாங்கி, உறையை எடுத்துப் போட்டுவிட்டு, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து மேகசினில் (கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) இருந்த முழுவதையும் சுட்டார். ஒரு தடங்கலும் இல்லை.

இரண்டு கைகளுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? அது புரிந்துவிட்டால் பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) கொண்ட சின்னத் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதி புரிந்துவிடும்.

.45 ஏசிபி என்ற தோட்டாவை ஜான் பிரவுனிங் 1905 வாக்கில் உருவாக்கினார். குண்டின் விட்டம் சுமார் 11.5 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 15 கிராம். அந்தத் தோட்டாவுக்காகவே அவர் வடிவமைத்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் 6,000 தோட்டாக்கள் சுட்டுப் பார்த்தார்கள், ஒருமுறைகூடச் சிக்கவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியின் அளவைக் கவனியுங்கள்: 5 அங்குலக் குழல், வெறும் எடையே 1.1 கிலோ. ராணுவ வீரன் இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிடுவதற்காகச் செய்த சாமான் அது. கோடைக்காலத்தில் டீ-ஷர்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போவதை யாரும் அன்று யோசிக்கவில்லை.

இப்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சுடும் கணத்தில் குழலும் அதன் மேலே உள்ள ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும். குண்டு முன்னால் ஓட, இரண்டும் சேர்ந்து பின்னால் வரும். சில மில்லிமீட்டர் வந்ததும் குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விலகும், குழல் நின்றுவிடும், ஸ்லைடு மட்டும் ஓடும். போகிற போக்கில் காலி உறையைக் கொக்கியால் இழுத்து வெளியே தட்டிவிட்டு, கடைசிவரை போய், ஸ்பிரிங் தள்ளத் திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலுக்குள் செருகும். இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் மூன்று விஷயங்கள் தாராளமாக இருக்க வேண்டும்: ஸ்லைடின் எடை, அது ஓடுவதற்கான தூரம், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்கான நேரம். துப்பாக்கியைச் சுருக்கினால் மூன்றும் ஒரே சமயத்தில் குறைகின்றன. தோட்டா மட்டும் அதே நீளம், அதே கனம். லேசான ஸ்லைடு வேகமாகப் பின்னால் பாயும், அதை நிறுத்தக் கிடைக்கும் தூரமும் குறைவு, அதனால் ஸ்பிரிங்கை முறுக்காக்க வேண்டியிருக்கிறது. முழு அளவு 1911 பிஸ்டலில் (அந்த ராணுவத் துப்பாக்கியின் பெயர்தான் 1911) சுமார் 7 கிலோ விசை தரும் ஸ்பிரிங் என்றால், அதையே 3 அங்குலக் குழலுக்குச் சுருக்கியதில் 10 கிலோவரை போகும், இடம் போதாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைப்பவர்களும் உண்டு. முறுக்கான ஸ்பிரிங் ஸ்லைடை முன்னாலும் வேகமாக அடிக்கும். அடுத்த தோட்டா மேலே வந்து சேர்வதற்குள் ஸ்லைடு தாண்டிப் போய்விடலாம். வயதானவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் அந்த ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுப்பதே பெரும்பாடு.

நண்பரின் மணிக்கட்டுக்கு வருவோம். ஸ்லைடு பின்னால் வருகிறது என்றால், துப்பாக்கியின் கீழ்ப்பாகத்தைப் பொறுத்துப் பின்னால் வருகிறது. கீழ்ப்பாகம் அசையாமல் நின்றால்தான் அந்த ஓட்டம் முழுதாகக் கிடைக்கும். 1.1 கிலோ எஃகுத் துப்பாக்கியில் எடையே அதைப் பிடித்து நிறுத்தும். 600 கிராம் துப்பாக்கியின் பிளாஸ்டிக் கீழ்ப்பாகத்துக்கு அந்தக் கனம் இல்லை, அந்த வேலையைச் சுடுபவரின் கைதான் செய்ய வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் மொத்தத் துப்பாக்கியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஓட்டம் பாதியில் தீர்ந்துவிடும், உறை நடுவில் மாட்டிக்கொள்ளும். அன்று நடந்தது இதுதான். இந்த அளவில் கையும் இயந்திரத்தில் ஒரு பாகம்.

சரி, உதை எவ்வளவு? படகிலிருந்து கரைக்குக் குதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய விசைப்படகு என்றால் நீங்கள் குதித்தது அதற்குத் தெரியாது, சின்ன வள்ளம் என்றால் பின்னால் விருட்டென்று போய்விடும். குதித்த வேகம் ஒன்றுதான், விட்டுவந்த எடை வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கிராம் குண்டு நொடிக்கு 255 மீட்டர் வேகத்தில் போகும்போது, குண்டைத் தொடர்ந்து குழலிலிருந்து பீறிடும் வாயுவையும் சேர்த்தால், 1.1 கிலோ துப்பாக்கியில் உதையின் ஆற்றல் சுமார் 8 ஜூல். அதே தோட்டாவை 600 கிராம் துப்பாக்கியில் போட்டால், குட்டைக் குழலில் குண்டின் வேகம் கொஞ்சம் குறைந்தும்கூட, 13 ஜூலை நெருங்குகிறது. அதே 600 கிராம் துப்பாக்கியில் 9 மி.மீ. தோட்டா என்றால் திரும்பவும் 8 ஜூல் பக்கம் வந்துவிடுகிறது. அதாவது, சின்ன 9 மி.மீ. பெரிய .45 அளவுக்குத்தான் உதைக்கும், சின்ன .45 அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

ஆற்றலோடு முடிவதும் இல்லை. உதை வருவது குழலின் கோட்டில், அதைத் தாங்கும் கை அதற்குக் கீழே இருக்கிறது, அதனால் துப்பாக்கியின் மூக்கு மேலே எழும்பும். குட்டைக் கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. பிடிக்கு ஒரு விரல் குறைவு, முன்பக்கம் கனமும் குறைவு. முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவே இலக்கைத் திரும்பப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் இது தெரியும்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டால் பதிலுக்கு என்ன கிடைக்கிறது? பெரிய ஓட்டை, அவ்வளவுதான். 3.3 அங்குலக் குழலிலிருந்து வரும் .45 குண்டின் வேகம் நொடிக்கு 230 மீட்டர் பக்கம், ஆற்றல் 400 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. அதே நீளக் குழலிலிருந்து வரும் 8 கிராம் 9 மி.மீ. குண்டும் 400 ஜூலை ஒட்டித்தான் இருக்கிறது. தற்காப்புக்குப் பயன்படுத்தும் முனை குழிந்த குண்டுகள் உள்ளே போனதும் பூப்போல விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். .45 ஆரம்பத்திலேயே மெதுவான தோட்டா, குழலும் குட்டையானால் சில குண்டுகள் விரியாமல் போகலாம். குட்டைக் குழலுக்கென்றே தனித் தோட்டாக்கள் கடையில் கிடைப்பது இதனால்தான்.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்த பிறகு, அந்த அமைப்பு குண்டுகளைச் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்க ஆரம்பித்தது. 12 முதல் 18 அங்குலம்வரை உள்ளே போக வேண்டும் என்பது அளவுகோல். முதலில் 10 மி.மீ., பிறகு .40 என்று பெரிய தோட்டாக்களுக்குப் போனார்கள். குண்டுகளின் வடிவமைப்பு தேறிய பிறகு 9 மி.மீ.யும் அந்தச் சோதனையை நன்றாகவே தாண்டியது, 2016இல் எஃப்பிஐ மறுபடி 9 மி.மீ. துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. குறைந்த உதை, மேகசினில் கூடுதல் தோட்டா, பயிற்சியில் மேலான குறி என்பவைதான் காரணம்.

அப்படியென்றால் சின்ன .45கள் ஏன் இவ்வளவு வந்தன? சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1994 முதல் 2004 வரை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுமக்களுக்கான புது மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. பத்துதான் என்றால் பெரிய பத்தாக இருக்கட்டும் என்று பலர் நினைத்தது இயல்பு. அந்த நினைப்பு சட்டம் காலாவதியான பிறகும் போகவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனத்தின் எக்ஸ்டி-எஸ் .45 2012இல் ஐந்து தோட்டா மேகசினோடு வந்தது, ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு .45 வடிவம் 2016இல் வந்தது. 2018இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 வந்து கணக்கை மாற்றியது: 500 கிராம் எடையில் 9 மி.மீ. தோட்டா பத்து.

மறைப்பதைப் பற்றியும் ஒரு விஷயம். எல்லோரும் முதலில் குழலின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். குழல் பேண்ட்டுக்குள் காலோடு ஒட்டிக் கீழே போய்விடும், அது யாருக்கும் தெரியாது. காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். குனிந்தால் சட்டைமேல் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் கைப்பிடி குட்டையாக, குழல் சற்று நீளமாக உள்ள துப்பாக்கி மறைக்கவும் சுலபம், சிக்குவதும் குறைவு. .45தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களிடம் 4 அங்குலக் குழலுக்குக் கீழே அவசரப்பட்டு இறங்காதீர்கள் என்றே சொல்வேன்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், அமெரிக்காவில் பல சுடுதளங்களில் அந்த வசதி உண்டு. ஐந்து தோட்டா சுட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம், ஐம்பது சுடுங்கள், நாற்பதாவது தோட்டாவில் கண் தானாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது இல்லை. சுடும் விசையை (டிரிக்கரை) முழுதாக மூடும் கெட்டியான துப்பாக்கி உறை (ஹோல்ஸ்டர்) இல்லாமல் எதையும் இடுப்பில் செருகாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால், இடுப்பைவிட்டு இறங்கிய அடுத்த நிமிடம் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நண்பர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிடியைச் சரிசெய்துகொண்டு, தான் எடுத்துப்போகும் அதே ரகத் தோட்டாவில் 200 சிக்காமல் சுட்ட பிறகுதான் இடுப்பில் வைத்தார். சுட்ட எண்ணிக்கையை ஒரு சின்ன நோட்டில் எழுதிவருகிறார். முறுக்கான குட்டை ஸ்பிரிங் பெரிய துப்பாக்கியின் ஸ்பிரிங்கைவிடச் சீக்கிரம் தளரும், தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கை வந்ததும் மாற்றிவிட வேண்டும், அதற்காகத்தான் அந்த நோட்டு.