மாஸ்டர் – ஸ்லேவ் கடிகாரங்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

வலையமைப்பு வழியாகக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் பிடிபி4எல் நிரலை ஓடவிட்டுச் சில நொடிகள் காத்திருந்தால் திரையில் ஒரு வரி வந்து விழும்: போர்ட் 1 (கணினியின் வலை இணைப்பு முனை) ‘அன்கேலிபரேட்டட்’ நிலையிலிருந்து ‘ஸ்லேவ்’ நிலைக்கு மாறியது. வலையமைப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு நிம்மதி தரும் வரி அது. கணினியின் கடிகாரம் சரியான நேரத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இந்த மாதிரி மென்பொருளுக்கு ஒரு கையேட்டைத் தமிழில் எழுதித் தரும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்தது. அந்த நிலையை ‘அடிமை நிலை’ என்றே எழுதினேன். அதற்கு நேரம் தரும் மாஸ்டர், ‘எசமானக் கடிகாரம்’ ஆனது. எழுதியதை வாய்விட்டுப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் துருவிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் வெப்பநிலை மாறினால் பிசகும். நாளுக்கு ஒரு நொடி, இரண்டு நொடி முன்னே பின்னே போவது சகஜம். அதனால் நல்ல நேரம் வைத்திருக்கும் ஒரு கடிகாரத்தைப் பார்த்து மற்றவை தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். இணையத்தில் இந்த வேலையைச் செய்வது என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) என்ற நெறிமுறை. 1985 முதல் இருக்கிறது. மில்லிநொடிக் கணக்கில் நேரம் தரும். கைபேசிக் கோபுரங்களுக்கும் மின் துணைநிலையங்களுக்கும் பங்குச்சந்தைகளுக்கும் அது போதாது. அவர்களுக்காக 2002-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1588 தரநிலை வந்தது. பிடிபி (பிரிசிஷன் டைம் புரோட்டோகால்) என்பது அதுதான். 2008-இலும் 2019-இலும் புதுப்பித்தார்கள். வலை அட்டையின் வன்பொருளே ஒவ்வொரு செய்திக்கும் நேரமுத்திரை இட்டால், மைக்ரோநொடிக்கும் கீழே போகும் துல்லியம் கிடைக்கும். என்டிபியில் ‘சர்வர்’, ‘கிளையன்ட்’ என்ற சொற்கள் இருந்ததால் பெரிய சிக்கல் இல்லை. பிடிபியில் முதல் பதிப்பிலிருந்தே மாஸ்டர், ஸ்லேவ்.

2022-இல் அந்தத் தரநிலைக்கு 1588ஜி என்ற திருத்தம் வந்தது. மாஸ்டருக்குப் பதிலாக ‘டைம் டிரான்ஸ்மிட்டர்’, ஸ்லேவுக்குப் பதிலாக ‘டைம் ரிசீவர்’ என்று எழுதலாம் என்று அது சொன்னது. கட்டாயம் இல்லை, மாற்றுச் சொற்கள்தான். அடுத்த ஆண்டு, பிடிபி4எல் அடங்கிய லினக்ஸ்பிடிபி மென்பொருள் தொகுப்பு தன் 4.0 பதிப்பில் ‘ஸ்லேவ்ஒன்லி’ என்ற அமைப்பை ‘கிளையன்ட்ஒன்லி’ என்றும், ‘மாஸ்டர்ஒன்லி’யை ‘சர்வர்ஒன்லி’ என்றும் மாற்றியது. ஆக, தரநிலை ஒரு ஜோடிச் சொல்லைச் சொல்ல, மென்பொருள் வேறொரு ஜோடியை எடுத்துக்கொண்டது. நிரல் வெளியிடும் பதிவுகளிலோ பழைய சொற்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. தமிழில் எழுதுபவர் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறார்.

இந்தப் பழைய ஜோடி எங்கிருந்து வந்தது? கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பொறியியலில் மாஸ்டர்–ஸ்லேவ் உவமை எப்போது நுழைந்தது என்று ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்து, 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த மிகப் பழைய பயன்பாடு 1904-ஐச் சேர்ந்தது. அது ஒரு கடிகாரத்தைப் பற்றியது! கேப் டவுன் வானாய்வகத்தின் தலைவராக இருந்த டேவிட் கில், அங்கே அமைத்த விண்மீன் நேரக் கடிகாரத்தை விவரிக்கும்போது ‘ஸ்லேவ் கிளாக்’ என்று எழுதியிருக்கிறார். கில் வானியலுக்கு வருமுன் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அப்பாவின் கடிகாரத் தொழிலைப் பார்த்தவர். கடிகாரம் அவருக்குக் கைவந்த பொருள்.

அவர் அமைப்பில் இரண்டு பகுதிகள். காற்று புகாத, சீரான வெப்பமும் அழுத்தமும் உள்ள பெட்டிக்குள் ஊசல் ஒன்று தொந்தரவில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். பல்சக்கரங்களைச் சுழற்றும் பாடெல்லாம் வெளியே உள்ள இன்னொரு கடிகாரத்துக்கு. 1921-இல் எடின்பரோ வானாய்வகத்தில் நிறுவிய ஷார்ட் கடிகாரமும் இதே யோசனையின் வளர்ச்சிதான். வெற்றிட உருளைக்குள் ஆடும் ஊசலை ‘ஃப்ரீ பெண்டுலம்’, அதாவது சுதந்திர ஊசல் என்றார்கள். 30 நொடிக்கு ஒருமுறை அதற்கு ஒரு சிறு உந்துதல் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டு, முள்ளையும் நகர்த்தி, எண்ணி, உழைத்தது ஸ்லேவ். ஆண்டுக்கு ஒரு நொடி அளவுக்கே பிசகிய அற்புதமான கருவி அது. ஒன்று சும்மா ஆட, இன்னொன்று பாடுபட, முதலாவதுக்குச் சுதந்திரம் என்றும் இரண்டாவதுக்கு அடிமை என்றும் பெயர் வைத்தவர்கள் யோசிக்காமல் வைக்கவில்லை. தங்கள் உலகம் அறிந்த ஒரு சமூக அமைப்பை இயந்திரத்தின் மேல் ஏற்றினார்கள்.

அந்தப் பெயர் கேப் டவுனில் எழுதப்பட்டது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் அங்கே குடியேறி, மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், இலங்கை, அப்புறம் நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுபோனது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போது டச்சுக்காரர்களின் துறைமுகங்கள். கொண்டுபோனவர்களின் சொந்தப் பெயரை அழித்துவிட்டு, புதுப் பெயருக்குப் பின்னால் ‘வான் பெங்காலன்’, ‘வான் மலபார்’, ‘வான் கோரமண்டல்’ என்று ஊரை ஒட்டவைத்தார்கள். வானாய்வகம் தொடங்கிய 1820-இல் அந்த ஊரில் அடிமை முறை சட்டப்படியே நடந்துகொண்டிருந்தது. 1834-இல்தான் ஒழிந்தது. கில் எழுதியது அதற்கு 70 ஆண்டுகள் கழித்து. ‘ஸ்லேவ்’ என்ற சொல்லே ஓர் இனத்தின் பெயரிலிருந்து வந்தது. ஸ்லாவ் மக்களைப் பிடித்து விற்ற இடைக்கால ஐரோப்பாவில் அவர்கள் பெயரே அடிமைக்குப் பெயராகிவிட்டது.

இனி மாஸ்டர். இதில் தமிழ்க் காதுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. இலத்தீன் ‘மாஜிஸ்டர்’ என்பதற்கு ஆசிரியர், தலைவர் என்று பொருள். நம் ஊரில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர் என்று அந்தச் சொல் எவ்வளவு அழகாகக் கலந்திருக்கிறது பாருங்கள். இதில் யாரும் யாருக்கும் உடைமையாளர் இல்லை. கை தேர்ந்தவர் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். சதுரங்கத்தின் கிராண்ட்மாஸ்டரும் அப்படித்தான். பக்கத்தில் ‘ஸ்லேவ்’ வந்து உட்காரும்போதுதான் மாஸ்டர் எசமான் ஆகிறார். யாகம் செய்விப்பவரைக் குறித்த ‘யஜமான’ என்ற வடசொல்லிலிருந்து வந்த எசமான், தமிழில் பண்ணையின் வாசனையோடு நிற்கும் சொல். ஆகவே மாஸ்டரை எசமான் என்று மொழிபெயர்த்தபோது நான் மூலத்தைவிடக் கடுமையாக எழுதிவிட்டேன்.

‘அடிமை’க்கு வருவோம். அடி என்றால் பாதம். அடியில் இருக்கும் தன்மை அடிமை. பக்தி மரபில் இது உயர்ந்த சொல் என்று சிலர் வாதிடுவார்கள். அடியார், அடியேன் என்பவை அன்பின் சொற்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரபுக்குள்ளேயே பாருங்கள். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரரை ‘இவன் எனக்கு அடிமை’ என்று சொல்லி முதியவர் வடிவில் வந்த சிவன் சபையில் நீட்டியது ஆளோலை. மனிதரை மனிதர் எழுதி வாங்கும் ஓலை. அப்படி ஒரு ஆவணம் நாட்டில் வழக்கத்தில் இருந்ததால்தான் கதை கேட்டவர்களுக்குப் புரிந்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843-இல் சட்டம் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்துக்கு 1976 வரை ஆனது. செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் குடும்பங்களை மீட்ட செய்தி இன்றும் நாளிதழில் வருகிறது. அதே நாளிதழைப் படிக்கும் ஒரு பொறியாளரிடம் ‘அடிமைக் கடிகாரம்’ என்று ஒரு கையேட்டைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

சரி, மனம் புண்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும். பிடிபியைப் பொறுத்தவரை அந்தச் சொற்கள் பொருளிலும் தவறு. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிடிபி வலையில் எந்தக் கடிகாரமும் இன்னொன்றுக்குக் கட்டளை இடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் தரம் என்ன என்று அறிவிக்கிறது: முன்னுரிமை எண், செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கிறதா, எவ்வளவு துல்லியம். எல்லாக் கடிகாரங்களும் ஒரே விதிப்படி ஒப்பிட்டு, எது சிறந்தது என்று தாமே முடிவு செய்கின்றன. தேர்வான கடிகாரம் நேரச் செய்தியை அனுப்புகிறது, அவ்வளவுதான். மறுமுனை அந்தச் செய்தி வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். தானே திரும்ப ஒரு செய்தி அனுப்பி, அது போய்ச் சேர்ந்த நேரத்தைக் கேட்டு வாங்கும். இரண்டு செய்திகளும் கிளம்பிய, போய்ச் சேர்ந்த நான்கு நேரங்களை வைத்து வழியில் ஆன தாமதத்தைக் கழித்து, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். கணக்குப் போடுவது வாங்குகிற கடிகாரம். நல்ல கடிகாரத்தின் இணைப்பு அறுந்தால், மற்றவற்றில் தகுதியானது அடுத்த சில நொடிகளில் அந்த இடத்துக்கு வந்துவிடும். இடையில் நிற்கும் கடிகாரமோ ஒரு போர்ட்டில் நேரம் வாங்கி மற்ற போர்ட்டுகளில் அனுப்பும், ஒரே நேரத்தில் இரண்டு வேலையும். எந்த எசமான் இப்படித் தேர்வாகிறார்? எந்த அடிமை அடுத்த நொடி எசமான் ஆகிறார்? பழைய உவமையை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிற மாணவருக்கு இந்த நெறிமுறை புரியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். ‘மாஸ்டர் எப்படி ஸ்லேவின் கடிகாரத்தை மாற்றுகிறது’ என்று கேட்பார்கள். மாற்றுவதே இல்லை.

நேரம் சொல்பவர் மேலே, கேட்பவர் கீழே என்ற நினைப்பும் நம் மரபில் இல்லை. முல்லைப்பாட்டில் ஒரு காட்சி வரும். பாசறையில் இருக்கும் அரசனிடம், பொழுதை அளந்து அறியும் பொய் சொல்லாத மாந்தர் கைகூப்பி வந்து, வாழ்த்தி, குறுநீர்க் கன்னல் இவ்வளவு காட்டுகிறது என்று நேரம் சொல்கிறார்கள். கன்னல் என்பது நீர் கசிந்து பொழுதைக் காட்டும் வட்டில். அங்கே நேரம் அனுப்புபவர் பணியாளர், வாங்குபவர் வேந்தர். பழைய பொறியியல் சொல்லை அங்கே பொருத்தினால் அரசன் ஸ்லேவ் ஆகிவிடுவான்.

தமிழில் என்ன சொல்லலாம்? முதன்மை–துணை என்று பலர் எழுதுகிறார்கள். தரவுத்தளத்துக்கு அது பொருந்தலாம். இங்கே பொருந்தாது, ஏனென்றால் துணைக் கடிகாரம் என்றால் முதன்மைக் கடிகாரம் பழுதானால் எடுத்துக்கொள்ளும் மாற்றுக் கடிகாரம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். தலைமை–தொண்டு வகையறாச் சொற்கள் பழைய உவமையையே வேறு சட்டையில் கொண்டுவருகின்றன. வழங்கி நல்ல சொல். ஆனால் சர்வருக்கு அது நிலைத்துவிட்டது. என்டிபியும் பிடிபியும் ஒரே கையேட்டில் வந்தால் ‘நேர வழங்கி’ எது என்று குழம்பும்.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டபோது இடப்பக்கம் எழுதினோமே, அனுப்புநர், பெறுநர்! புதிய ஆங்கிலச் சொற்களுக்கு அதைவிட நெருக்கமான ஜோடி கிடையாது. ஒரே ஒரு இடைஞ்சல்: -நர் ஆட்களுக்கு வரும் விகுதி. கருவிகளுக்குத் தமிழ் இயல்பாக -இ சேர்க்கும்: ஒலிவாங்கி, இடிதாங்கி, ஒலிபெருக்கி. அதே வழியில் போனால் நேர அனுப்பி, நேர வாங்கி. என் கையேட்டில் இவற்றைத்தான் வைத்திருக்கிறேன். ‘பெறுவி’ என்று சில சொல்பட்டியல்களில் இருக்கிறது. பெறுவி என்றால் பிறரைப் பெறச் செய் என்று பொருள் மாறிவிடுவதால் அதை விட்டுவிட்டேன். கதைசொல்லி, குறிசொல்லி மாதிரி ‘மணிசொல்லி’ என்று வைக்கவும் ஆசை. காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அதற்கு இணையாகக் கேட்கிற பக்கத்துக்கு ஒரு சொல் அமையவில்லை.

வலையிலேயே சிறந்த நேரம் வைத்திருக்கும் கிராண்ட்மாஸ்டரை மூலக் கடிகாரம் என்கிறேன். ஆற்றுக்கு மூலம் போல, நேரம் அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. இரு பக்கமும் வேலை செய்யும் ‘பவுண்டரி கிளாக்’, இடைக் கடிகாரம்.

அமைப்புக் கோப்பில் இருக்கும் பெயர்களை மட்டும் தொடக் கூடாது. கிளையன்ட்ஒன்லி என்பதை நிரல் எந்த எழுத்தில் எதிர்பார்க்கிறதோ அப்படியேதான் எழுத வேண்டும். விளக்கம் தமிழில் வரட்டும். பழைய பதிவுகளோடு போராடிக்கொண்டிருப்பவர் தேடினால் கிடைக்கும்படி, முதல் பக்கத்தில் ஒருமுறை ‘பழைய ஆவணங்களில் ஸ்லேவ் என்று இருப்பது இதுதான்’ என்று சொல்லிவிட வேண்டும். என் பழைய கையேட்டில் இருந்த வாக்கியம் இது: ‘அடிமைக் கடிகாரம் எசமானக் கடிகாரத்தின் கட்டளைப்படி தன் நேரத்தை மாற்றும்.’ இப்போது அந்த இடத்தில் இருப்பது: ‘நேர அனுப்பியிடமிருந்து வரும் செய்தியில் தாமதத்தைக் கழித்து, நேர வாங்கி தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்.’