இருமல் இல்லாத டி.பி.

“சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள்ளே பந்து மாதிரி ஒன்று உருண்டு வருது டாக்டர். கடகடன்னு சத்தம் கேட்கும், அப்புறம் அடங்கிடும்.”

முப்பது வயதுப் பெண் ஒருவர் இப்படிச் சொன்னதும், என் கை அவருடைய வலது அடிவயிற்றுக்குத்தான் போனது. அங்கே கெட்டியாக ஒரு திரட்சி. எட்டு மாதமாக கேஸ் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். எடை பத்து கிலோ இறங்கியிருந்தது. சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடும் என்பதை நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார். இருமல் கிடையாது, நெஞ்சு எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. அதனால் டி.பி. என்றபோது வீட்டார் நம்பவில்லை.

காசநோய்க் கிருமிக்குக் குடலில் தோதான இடம், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை. அங்கே நிணநீர்த் திசு அதிகம், உணவும் சற்றுத் தேங்கி நிற்கும். கிருமி புண்ணாக்குகிறது, புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குடல் குறுகிப்போகிறது. அந்தச் சந்து வழியாக உணவைத் தள்ளக் குடல் முண்டுவதுதான் அவர் சொன்ன பந்து.

வேறு சிலருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பெண்களுக்கு அது சினைப்பைப் புற்றுநோய் போலவே தெரியும். அந்தப் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 அளவுகூட ஏறியிருக்கும். சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. இங்கே என் அறுவை சிகிச்சைத் துறையினருக்கும் ஒரு வார்த்தை: எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடாதீர்கள். அதில் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டை சலைனில், அதாவது உப்புநீரில் அனுப்புங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். அடைப்பு, ஓட்டை, நிற்காத ரத்தப்போக்கு என்று வந்தால்தான் கத்தி. கொலனோஸ்கோபியில் (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) நோய் உறுதியாகி மாத்திரை தொடங்கிய இந்தப் பெண்ணுக்கு, மூன்றாவது வாரமே வயிறு உப்பி முழு அடைப்பு. திறந்து பார்த்தால் குடல் மேலெல்லாம் ஜவ்வரிசி தெளித்த மாதிரி வெள்ளை மணிகள். மூலையில் இருந்த திரட்சியை மட்டும் வெட்டியெடுத்துக் குடலை இணைத்தோம். மேலே இன்னொரு இடத்தில், நாரால் இறுக்கிக் கட்டியதுபோல ஒரு குறுகல். அதை வெட்டி எறியவில்லை. நீளவாக்கில் திறந்து குறுக்குவாக்கில் தைத்தோம், வழி அகலமாகிவிட்டது. முன்பெல்லாம் வலப்பக்கப் பெருங்குடலையே பெரிதாக எடுத்துவிடுவோம். இப்போது முடிந்தவரை குடலைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம். ஏற்கெனவே மெலிந்த உடம்புக்கு ஒவ்வொரு அங்குலமும் வேண்டும்.

“கெட்டதைத்தான் எடுத்தாச்சே, மாத்திரை எதுக்குங்க?” என்று அவருடைய மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் எடுத்தது அடைப்பை. அந்த ஜவ்வரிசி மணிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அவற்றைக் கரைப்பது மாத்திரை. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. அரசு மருத்துவமனையில் இலவசம். நிக்‌ஷய் என்ற அரசுத் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். பார்வை மங்கினாலோ கண் மஞ்சளானாலோ உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று. மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதே, ஆறும் தழும்பு குடலை மேலும் இறுக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாகவே நிறுத்தி விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.