16 லட்சம் 12 லட்சமானது எப்படி? மாற்றுத்திறனாளிகள் கணக்கைப் படிக்கும் முன்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 16,42,497 பேர். 2011-ல் 11,79,963 பேர். இரண்டு புள்ளிகளையும் இணைத்துக் கோட்டை அப்படியே நீட்டினால் 2021-ல் 7 லட்சம் சொச்சம், 2031-ல் இரண்டரை லட்சம், 2037 வாக்கில் ஒருவர்கூட இல்லை என்று வரும். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. முன்கணிப்பு என்ற பெயரில் வரும் பல வரைபடங்கள் இப்படிப் போட்ட கோடுகள்தான்.

உள்ளே பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. பார்வைக் குறைபாடு என்ற ஒரே பிரிவு 9,64,063-லிருந்து 1,27,405-ஆக இறங்கியிருக்கிறது. மற்ற பிரிவுகளை மட்டும் கூட்டினால் 6.78 லட்சம் 10.53 லட்சமாக ஏறியிருக்கிறது. பத்து வருடத்தில் எட்டு லட்சம் பேருக்குப் பார்வை திரும்பிவிடவில்லை, கேள்விதான் மாறியது. 2001-ல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரும், பார்வை மங்கலாக இருந்தும் கண்ணாடி போட்டுச் சோதித்துப் பார்க்காதவரும் கணக்கில் வந்தார்கள். 2011-ல் ஒற்றைக்கண் பார்வையுள்ளவர் விடப்பட்டார். காது விஷயத்தில் நேர் எதிர்: கருவி வைத்தால் கேட்கிறவர் 2001-ல் கணக்கில் இல்லை, 2011-ல் உண்டு. தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 72,636-லிருந்து 2,20,241 ஆனது. பிரிவுகளும் ஐந்திலிருந்து எட்டாயின. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபாட்டு வகைகள் 21. ஆகவே அடுத்த கணக்கில் எண் ஏறினாலும் "கூடிவிட்டது" என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டின் கேள்வித்தாளையும், கணக்கெடுப்பாளருக்குக் கொடுத்த கையேட்டையும் முதலில் பக்கத்தில் வையுங்கள்.

மாநிலங்களை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். 2011-ல் மனநோய் என்ற பிரிவில் கேரளத்தில் 66,915 பேர், தமிழ்நாட்டில் 32,964 பேர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ கேரளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லையில் வாளையாறைத் தாண்டினால் மனநோய் பெருகிவிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. சிகிச்சை பக்கத்தில் கிடைக்கும் இடத்தில் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பெயர் தெரிந்தால்தான் வாசலில் வந்து கேட்பவரிடம் சொல்ல முடியும். பெரிய எண் பல நேரம் நல்ல விசாரிப்பின் அடையாளம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற தமிழ் பேசும் ஊர்களில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மலையாளத்தில் கேட்கப்படும் கேள்வி: "நடக்கான் புத்திமுட்டுண்டோ?" புத்திமுட்டு என்றால் அங்கே சிரமம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது பழகிய சொல். பொள்ளாச்சிப் பக்கமிருந்து போன வருடம் கல்யாணமாகி வந்த மருமகள் காதில் "புத்தி" மட்டும் விழுந்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிடுவார். திண்ணையில் சுவரைப் பிடித்தபடி நடக்கும் மாமியார் அந்த ஒரு பதிலோடு கணக்கிலிருந்து விடுபடுவார். "வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்பதும் அப்படித்தான், வாயை அடைத்துவிடும் கேள்வி. "அம்மாவுக்குப் படி ஏற முடியுதா? கொஞ்சம் சிரமமா, ரொம்ப சிரமமா, முடியவே முடியாதா?" என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேட்டால் பதில் வரும். குறைபாட்டைக் கணக்கெடுக்க உலக அளவில் கேள்விகள் வகுத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இந்த அடிப்படையில் அமைந்தவை: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, பேசிப் புரியவைப்பது. ஒன்றிலாவது "ரொம்ப சிரமம்" அல்லது "முடியவே முடியாது" என்றால் கணக்கில் சேர்ப்பார்கள். "கொஞ்சம் சிரமம்" என்பவரையும் சேர்த்தால் விகிதம் எகிறும். ஓர் அறிக்கையில் விகிதத்தைப் பார்த்தால், எந்த அளவு சிரமத்திலிருந்து சேர்த்தார்கள், அதாவது வெட்டுப்புள்ளி எங்கே என்று தேடுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியவர்களின் பட்டியலை மொத்த எண்ணிக்கையாக எடுப்பது அடுத்த தவறு. 2018-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76-வது சுற்றில் குறைபாடு உள்ளவர் 2.2 சதவீதம். அவர்களில் சான்றிதழ் வைத்திருந்தவர் 28.8 சதவீதம் மட்டுமே. பட்டியலை நம்பித் திட்டம் போட்டால் பத்தில் ஏழு பேர் வெளியே நிற்பார்கள்.

அந்த 2.2-ஐ எடுத்துப் பஞ்சாயத்துக்குப் பெருக்குவதும் ஆபத்து. 30,000 பேர் உள்ள பஞ்சாயத்துக்கு 660 என்று விடை வரும், ஆனால் அது உங்கள் ஊரின் எண் அல்ல, நாட்டின் சராசரி. சரி, நாமே எடுப்போம் என்று 400 பேரை விசாரித்து 9 பேர் கிடைத்தால் 2.25 சதவீதம். அத்தனை சிறிய மாதிரியில் உண்மை 0.8 முதல் 3.7 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம், அதாவது 240 பேரிலிருந்து 1,110 பேர் வரை. ஒரே தெருவில் 400 பேரையும் பிடித்தால் இடைவெளி இன்னும் அகலும். சக்கர நாற்காலி வாங்கவோ பட்ஸ் பள்ளிக்கு (அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கேரள உள்ளாட்சிகள் நடத்தும் பள்ளி) இடம் ஒதுக்கவோ இது உதவாது. அதற்கு வார்டு வார்டாக, வீடு விடாமல் எடுப்பதே வழி. கேரளம் 2015-ல் மாநிலம் முழுக்க அப்படித் தனிக்கணக்கெடுத்தபோது 7,93,937 பேர் வந்தார்கள்.

முன்கணிப்பில் வயதை விடவே கூடாது. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணிப்புப்படி, கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர் 2021-ல் 16.5 சதவீதம், 2031-ல் 20.9 சதவீதம். கணக்குக்காக, 60-க்குக் கீழே 1.5 சதவீதமும் மேலே 6 சதவீதமும் குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். 30,000 பேர் ஊரில் ஓர் ஆள்கூடக் கூடாவிட்டாலும் 673 என்பது 732 ஆகும். கூடிய 59 பேருக்கும் காரணம் முதுமை ஒன்றுதான். பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் இப்படியே போனால் என்ற நிபந்தனை அந்த 20.9-க்குள் இருக்கிறது. கணிப்பு அட்டவணையின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அந்த வரியை முதலில் படியுங்கள்.

2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வருவார். அவர் வரும் முன்பே வீட்டில் யாருக்கு எதில் சிரமம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். காதுக் கருவி, கைத்தடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். மலையாளக் கேள்வி புரியாவிட்டால் தலையாட்டாமல், "தமிழில் சொல்லுங்க" என்று கேளுங்கள். பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, எதில் குறித்தார் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.